முப்பத்து நாலு வயதில் கிளிப்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்தது மெஹர் பானுவின் பியூட்டி பார்லர். திருநீர்மலையில் தாலி கட்டிக்கொள்ளும் பெண்கள், சர்ச்சில் மோதிரம் மாற்றும் பெண்கள், நிக்காஹ் பெண்கள் என்று எல்லாரும் அவள் கைக்குத்தான் வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் அதற்கு எது எடுக்கும், எது எடுக்காது என்று சொல்லிவிடுவாள்.

அவளுடைய மேல்வரிசைப் பற்கள் மட்டும் இடநெருக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. இரண்டு பக்கமும் தெத்துப்பல். முப்பத்து நாலு வயது வரை அதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. 2004-இல் ஒருநாள் மணப்பெண்ணின் அத்தை ஒருத்தி, "ஊரையே அழகாக்குறீங்க, உங்க பல்லை மட்டும் அப்படியே விட்டுட்டீங்களே!" என்றாள். மெஹர் பானுவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

தம்பி மொஹ்சினின் நிக்காஹுக்கு மூன்று மாதம் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டர் வில்பிரட்டிடம் போனாள். அவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துக் காட்டினார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. முன்னாடி இருக்கிற ஆறு பல்லை ராவி, மேல கேப் போடலாம். ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். இல்லன்னா கிளிப் போட்டு நகர்த்தணும். அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்."

"ராவினா எவ்ளோ போகும், டாக்டர்?"

அவர் மாதிரிப் பல் ஒன்றை எடுத்து பென்சிலால் கோடு போட்டார். கோடு அவள் நினைத்ததைவிட உள்ளே விழுந்தது. பற்கள் மிகவும் திரும்பியிருப்பதால் ஒன்றிரண்டுக்கு ரூட் கெனாலும் தேவைப்படலாம் என்றார். கேப் பத்து, பதினைந்து வருஷம் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

"இதுல எதுக்காவது சொத்தை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்ல பல்லு. நிக்கிற இடம்தான் சரியில்ல."

வீட்டில் கணவன் அயூப், "ரெண்டு வாரத்துல முடியறதை விட்டுட்டு ரெண்டு வருஷம் எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டான்.

"முடியைத் தப்பா வெட்டினா வளந்துடுங்க. புருவத்தை மெலிசா எடுத்துட்டாக்கூட வளந்துடும். நல்லா இருக்கிற பல்லை ராவிட்டு, அப்புறம் வேணும்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?"



கிளிப் போடும் டாக்டர் கிருபா புதன்கிழமைகளில் மட்டும் அந்த கிளினிக்குக்கு வருவார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இடம் உண்டாக்க மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பல்லை எடுக்க வேண்டும் என்றார். அவையும் நல்ல பற்கள்தானே என்று மெஹர் பானுவுக்கு வருத்தமாக இருந்தது. ஒரு வாரம் யோசித்தாள். மீதிப் பற்களாவது முழுசாக நிற்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சம்மதித்தாள்.

நிக்காஹ் அன்று வாய் நிறையக் கம்பியோடு முன்வரிசையில் நின்றாள். வீடியோக்காரர், "வாயை மூடிக்கங்கக்கா, லைட்டு பட்டு மின்னுது" என்றார்.

"மின்னட்டும் அண்ணா, கல்யாண வூடுதானே!" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தாள். பிரியாணிக் கறியைத்தான் கடிக்க முடியவில்லை. தம்பி கல்யாணத்தில் சோற்றைத் தயிரில் குழைத்துச் சாப்பிட்டாள்.

கம்பியை முறுக்கிய மறுநாள் இட்லியே கல்லாகத் தெரியும். வலியோடு நின்றபடி பெண்களுக்குத் தலை பின்னுவாள். மகள் கல்யாணத்துக்கு முன்பதிவு செய்திருந்த ஒரு தாய், "உங்களுக்கே இந்த வயசுல கிளிப்பா?" என்று முகம் சுளித்துவிட்டு வேறு பார்லருக்குப் போனாள். அன்று மாலை முழுக்க மெஹர் பானு கண்ணாடியைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடுத்த புதன்கிழமை வழக்கம்போல முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

2005 மழையில் ஒரு புதன்கிழமை ரயில் ஓடவில்லை, பஸ்ஸும் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாம்பரம் வரை நடந்தாள். சானடோரியம் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். நனைந்துபோய் வந்து நின்றவளைப் பார்த்து டாக்டர் கிருபா திகைத்துவிட்டார்.

"போன் பண்ணியிருந்தா அடுத்த வாரம் பாத்திருப்பேனே!"

"கம்பி கன்னத்தைக் குத்துது மேடம். நான் காத்திருப்பேன், அது காத்திருக்காதே!"

இரண்டு வருஷம் இரண்டரையாக நீண்டது. 2007-இல் கிளிப்பைக் கழற்றியபோது நாக்கால் பற்களை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தாள். எல்லாம் வழவழவென்று யாருடைய பல்லோ போலிருந்தது. ஓரத்தில் ஒன்று மட்டும் இம்மி திரும்பியே நின்றது. இன்னும் நாலு மாதம் தந்தால் அதையும் சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர்.

"போதும் மேடம். அதோட எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல."

பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க, இனி தூங்கும்போது மட்டும் ஒரு பிளேட் மாட்டிக்கொள்ள வேண்டும். அயூப் புகழ்ந்தெல்லாம் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளை போட்டோ ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனான்.

மறுவருஷம் ஜெரூஷா என்ற மணப்பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பார்லருக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முன்பல் பாதி உடைந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான்.

"நீங்க கிளிப் போட்டீங்கன்னு சொன்னாங்கக்கா. நானும் போடணுமா?" என்று அழுதாள்.

"உனக்கு எதுக்கும்மா கிளிப்? எனக்கு பல்லு நல்லா இருந்துச்சு, இடம்தான் சரியில்ல. உனக்கு இடம் சரியா இருக்கு, பல்லுதான் உடைஞ்சிருக்கு. டாக்டர் கேப்தான் சொல்லுவாரு, வா."

வேலையை அப்படியே விட்டுவிட்டு, அவளை வில்பிரட்டிடம் கூட்டிப்போனாள். டாக்டரும் கேப்தான் என்றார். ஒரு வாரத்தில் தயாராகி வந்ததைப் பல்லில் பொருத்திப் பார்த்தார்கள். ஜெரூஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெஹர் பானு மட்டும் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, வெயிலில் உற்றுப் பார்த்தாள்.

"பக்கத்துப் பல்லைவிட வெளுப்பா இருக்கு, டாக்டர்."

வில்பிரட்டும் வந்து பார்த்தார், ஆமாம் என்றார். கேப் லேபுக்குத் திரும்பிப் போனது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சரியான நிறத்தில் வந்து சேர்ந்தது.