நகர மறுத்த விண்டோக்கள்

ராஜபாளையத்தில் மில்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். இருபத்தாறு வருஷமாகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது டேனியல் சார் விஷயம்தான்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு வாத்தியார். சேத்தூர் பக்கம் பைக் விபத்தில் கழுத்தில் அடிபட்டுக் கைகால் அசையாமல் போய்விட்டது. பேச்சு மட்டும் தெளிவு. வாயால் சொன்னாலே கம்ப்யூட்டர் கேட்கும்படி ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். "புத்தகம் இடது" என்றால் பிடிஎஃப் இடது பக்கம் போகும். "போர்டு பெருசு" என்றால் எழுதுபலகை திரை முழுக்க விரியும்.

அவர் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ் சிஸ்டம். அதில் திரையிலுள்ள விண்டோக்களை அடுக்கிவைக்கிற மென்பொருளுக்கு விண்டோ மேனேஜர் என்று பெயர். அதற்கு உத்தரவு அனுப்ப, முகம் தெரியாத யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த ரூபி லைப்ரரியை, அதாவது எடுத்துச் சேர்த்துக்கொள்கிற ஆயத்த புரோகிராம் தொகுப்பைப் பயன்படுத்தினேன்.

ஒரு சனிக்கிழமை சார் வீட்டுக்குப் போய் சிஸ்டத்தை அப்கிரேட் செய்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் அவர் மனைவி மெர்சி போன் செய்தார்.

"அண்ணே, அவிய சொல்றத கம்ப்யூட்டர் கேக்க மாட்டேங்குது. நாளைக்குக் காலைல ஆன்லைன் கிளாஸ். அடிபட்டதுக்குப் பொறவு மொத கிளாஸ்ணே."

"பயப்படாதம்மா, வாரேன்."

போய் லைப்ரரியைத் திறந்தால், வருஷக்கணக்காக யாரும் அதைத் தொடவில்லை. எர்ரர் எதுவும் காட்டவில்லை. இரண்டு மணி நேரம் புரோகிராம் வரிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து சார் கூப்பிட்டார்.

"அண்ணே, செத்த நேரம் நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க சார்."

"எல்லாமே நின்னு போகல. காலைலருந்து மெர்சிய ஒவ்வொரு புரோகிராமா தெறக்கச் சொல்லிப் பாத்தேன். இன்னைக்கு அவ சர்ச்சுக்குக்கூடப் போகல. மொத்தம் பதினேழு. அப்கிரேட்ல மாறாத பழைய புரோகிராம் ஆறும் நகருது, புதுசா மாறுன பதினொண்ணும் நகரல. பழசுக்கும் புதுசுக்கும் கம்ப்யூட்டர் வேற வேற நம்பர் வச்சிருக்குமோ?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாத மனிதர்!

விண்டோ மேனேஜரிடம் லிஸ்ட் கேட்டேன். பழைய புரோகிராம்களுக்கு நேரே விண்டோ நம்பர் இருந்தது. புதியவற்றுக்கு அந்த இடம் காலி. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொரு ஐடி இருந்தது. லைப்ரரி பழைய நம்பரை மட்டும் தேடி, கிடைக்காததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டிருக்கிறது. அந்தப் பொது ஐடியைத் தேடும்படி நாலு இடத்தில் மாற்றினேன்.

"இப்பச் சொல்லுங்க சார்."

"புத்தகம் இடது."

பிடிஎஃப் நகர்ந்தது. மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"விடை வராத கணக்குல எது வருது, எது வரலைன்னு மொதல்ல பிரிப்போம்ணே. அம்புட்டுதான்."

மறுநாள் கிளாஸில் நான் சுவரோரம் நின்றேன். முக்கால் மணி நேரம் ஒரு குரல் மட்டும் திரையை ஆண்டது. நான் எழுதிய புரோகிராம்தான், ஆனாலும் வாய் பிளந்து பார்த்தேன்.

திருத்தத்தை லைப்ரரி எழுதியவருக்கு அனுப்பினேன். கோளாறைக் கண்டுபிடித்தவர் என்று டேனியல் சார் பெயரைப் போட்டேன். லைப்ரரிக்காரர் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார். சில வாரம் கழித்து, எந்த ஊர் என்றே தெரியாத ஒருவர் இணையத்தில் அந்தத் திருத்தத்தின் கீழே எழுதியிருந்தார்: "என்னுடையதும் ஓடுகிறது. டேனியலுக்கு நன்றி." மெர்சி வாசித்துக் காட்டினார். சார் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் கோளாறு என்று யார் கூப்பிட்டாலும் லேப்டாப்பை உடனே திறப்பதில்லை. கூப்பிட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்கிறேன்.