ஆபிசரு வாட்ச பாத்துக்கிட்டே கூட நடந்த அன்னைக்கு

தபால்காரன் பொழப்புல பாதி நடக்குதது, மீதி மூடுன கதவ பாத்துக்கிட்டு நிக்குதது. வீடு வீடா ஏறி இறங்குத மக்கா, ஒங்களுக்கு இத சொல்லணுமா?

மூணு மணி கெடு

ஒரு ஆளு சுத்துத தெருக்களுக்கு எங்க பாஷையில 'பீட்'னு பேரு. கடுதாசி கொறஞ்சு போச்சுன்னு சங்கரன்கோவில் பீட்டெல்லாம் திருத்த ஒரு ஆபிசரு வந்தாரு. ஒரு நாளு என்கூட நடப்பாரு. மூணு மணிக்கு முன்னால நான் முடிச்சுட்டா என் பீட்டும் பக்கத்து பீட்டும் ஒண்ணாயிரும். பக்கத்து பீட்டு மாரியப்பன் சர்வீசு கம்மி, வேற ஊருக்கு மாத்திருவாவ. இப்பத்தான் பிள்ளைய இங்கன பள்ளிக்கூடத்துல சேத்திருந்தான். கெளம்பும்போது காதுல வந்து சொன்னான்: "அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி நடங்க."

தறி வீடு

தறி ஓடுத சத்தத்துல கதவ தட்டுனா கேக்காது. தெனமும் பத்து நிமிசம் அங்கனயே போயிரும். அத நம்பித்தான் போனேன். வாட்ச்சும் கையுமா ஆபிசர கண்டதும் தறிக்காரரு தறிய நிப்பாட்டிட்டு, பேனாவ தெறந்து வச்சுக்கிட்டு வாசலுக்கே வந்துட்டாரு. கையெழுத்து போட்டுட்டு கண்ணடிச்சாரு: "ஆபிசர் முன்னால ஒமக்கு கெட்ட பேரு வரக்கூடாதுல்லா வே."

மாடி வீட்டு அக்கா

எனக்கு நாலஞ்சு குரல்ல பேச வரும். துணி பார்சல் கொண்டு வாரவன் குரல்ல "மேடம், பார்சல்"னு இழுத்தா எந்த கதவும் தெறக்கும். அன்னைக்கு தெறக்கவே கூடாதுல்லா? ஆபிசரு தெருவுலயே நின்னு வாட்ச பாக்க, நான் வாசல்ல ஏறி தண்ணி பில்ட்டர் விக்க வாரவன் மாதிரி, "மேடம், ஒரு சின்ன டெமோ பாக்கலாமா?"ன்னேன். கீழ் வீட்டுல தாழ்ப்பாள் விழுந்துச்சு. எனக்கு உசுரு வந்துச்சு. மாடி ஜன்னல்லருந்து ஒரு சத்தம்: "வெளையாடாதீங்க போஸ்ட்மேன் அண்ணாச்சி, பாவம் அந்த ஆபிசர் வெயில்ல நிக்காவ, இந்தா இறங்கிட்டேன்."

ரெண்டுக்கும் முன்னால

ஒண்ணே முக்காலுக்கெல்லாம் பை காலி. கடைசி வீட்டுல மோரு வேற குடுத்தாவ, அதையும் டம்ளர்ல ஆத்தி ரெடியா வச்சிருந்தாவ. ஆபிசருக்கு ஒரே சந்தோசம்: "இவ்வளவு ஒத்துழைக்கிற ஜனங்கள நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல."

மாரியப்பன் தெரு

ரெண்டு பீட்டையும் சேத்து ஆர்டர் வந்ததும் மாரியப்பன் அவன் தெருவ காட்டித்தர என்னைய கூட்டிட்டு போனான். மொத வீட்டுல பெல்லடிச்சு கால் மணி நேரம் நின்னோம். உள்ள டிவி ஓடுது, ஆளு வரல. ரெண்டாவது வீட்டுக்காரரு எட்டிப் பாத்துட்டு, சாப்பிட்டுட்டு வாரேன்னு உள்ள போனவரு போனவருதான். மாரியப்பன் படிக்கட்டுல உக்காந்துட்டான். "பாத்தியளா அண்ணாச்சி, இந்த தெருவுல ஒருத்தருக்கும் என் மேல பாசம் கெடையாது, ஆபிசர இங்கனல்லா கூட்டிட்டு வந்திருக்கணும்."

ஆபிசரு பிரிச்ச பிரிப்புல நல்ல பேரு எனக்கு வந்துச்சு, வெளியூரு மாத்தல் மாரியப்பனுக்கு போச்சு.