குழந்தைச் சட்டையும் நான் கற்ற ஜப்பானியமும்

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அத்தே, கிளாசுக்குப் போகாம ஊட்டுலயே உக்காந்து ஜப்பானீஸ் படிக்கறதுக்கு என்னென்ன இருக்குதுங்? நீங்க தானா படிச்சவங்கதான. ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்." அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது கிடையாது. ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதைக்கூடப் போனைத்தான் கேட்கிறார்கள். காபியை அப்படியே ஆறவிட்டு, மகனின் எல்.கே.ஜி. நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்று வரை வேகமாக ஓடியது. நான்கு என்று போட்டேன். அதற்கு நேரே இன்றுவரை ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லலாம். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஒன்றாவதாக எழுதியது எழுத்து அட்டைகள். ஒன்பது வருஷம் முன்பு நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். செய்ததெல்லாம் மெயில் பார்ப்பதும் சாம்பிள் துணிகளைக் கூரியரில் போடுவதும்தான். அந்த வருஷம் ஜப்பானிலிருந்து ஒரு புது பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, வந்தது. பிறந்த குழந்தைக்குப் போடும் மெல்லிய உள்சட்டைதான் ஆர்டர். கம்பெனியில் ஒருவருக்கும் அந்தப் பாஷை தெரியாது. நமக்குத்தான் எதிலாவது தலையைக் கொடுக்காவிட்டால் தூக்கம் வராதே! பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கும் அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்து, மறுபக்கம் அதன் ஒலி என்று எழுதி நூலில் கோத்துக்கொண்டேன். வெள்ளகோவிலிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த காலம் அது. தலையணைக்கு அடியில் அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஏங்கண்ணு, செய்வினைத் தகடாட்டம் இருக்குது. இதையெல்லாம் ஊட்டுக்குள்ள வெக்காத சாமி."

அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியம்மா சொன்னபடி தூக்கிப் போட்டிருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது, காணொளிகள். ஒரு வயதான மனிதர், பின்னால் வெறும் சுவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை மெதுவாகச் சொல்வார். புத்தகங்களெல்லாம் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்துக் குழப்பியடித்தன. பக்கத்திலிருக்கிற அவிநாசிக்குப் போக ஈரோட்டைச் சுற்றுகிற மாதிரி. ஒரு நாள் ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு அவர் சொல்வதைத் தமிழிலேயே யோசித்துப் பார்த்தேன். வாக்கியம் அதன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தது. வினை கடைசியில்தான், நம்மைப் போலவே. நாத்தனார் மகளுக்கு இதை மட்டும் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, துவைக்கும் முறை அச்சடித்த லேபிள். எங்கள் மேஜைக்கு அடியிலேயே சுருள் சுருளாகக் கிடக்கும். பளபளப்பான வெள்ளை நாடா. புதுச் சுருளைப் பிரித்தால் அச்சு மை வாசம் மண்ணெண்ணெய் மாதிரி மூக்கில் ஏறும். கைக்குழந்தை, மென்மையான தோல், கவனம் என்று அதிலிருந்துதான் முதல் சொற்களைப் படித்தேன். இப்போதும் துணிக்கடையில் அந்த வாசம் அடித்தால் எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போகிறது. வீட்டுக்காரர் கேட்டால் ஏசி அதிகம் என்று சொல்லிவிடுவேன்.

நான்காவதாக எழுத வேண்டியது ஊசிப் புத்தகம். ஜப்பான் ஆர்டர் தைக்கும் கம்பெனிகளில் அது சாமிப் புத்தகம் மாதிரி. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அந்த இடத்திலேயே வேலை நிற்க வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, முழு ஊசியாக ஒட்டவைத்துப் பார்த்து, புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அன்று அங்கே தைத்த துணி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஜப்பானிய மொழியில் கட்டம் போட்டிருக்கும். ஒரு கட்டத்துக்குத் தலைப்பு 'எல்லாம் கிடைத்தது.' அடுத்ததற்குக் 'கிடைக்கவில்லை.' அந்த இரண்டாவது கட்டம் புத்தகம் முழுக்கக் காலியாக இருந்தது. எவ்வளவு கவனமான கம்பெனி என்று நான் பெருமைப்பட்டேன்.

சரக்கு கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் டீ வருகிற நேரத்தில், ஜெயராணி அக்காவின் மெஷினில் ஊசி உடைந்தது. அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். லைனிலேயே நல்ல கை. கழுத்தில் சிலுவை, வீட்டில் ஆறு மாதக் குழந்தை. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு துண்டு கிடைத்தன. முனை கிடைக்கவில்லை. காந்தத்தை உருட்டித் தரையைத் துழாவினோம், சேலை மடிப்பை உதறினோம், மெஷினைக் கழற்றினோம். அவர் தைத்துப் போட்ட துணிக் கட்டை அதற்குள் அடுத்த மேஜைக்குத் தூக்கிப் போய், மற்ற கட்டுகளோடு கலந்துவிட்டிருந்தார்கள். உலோகத்தைக் கண்டுபிடிக்கும் பெரிய மெஷினோ பழுதாகிச் சர்வீசுக்குப் போயிருந்தது. கையில் பிடிக்கும் சின்னக் கருவியால் மேலோட்டமாகத் தடவினார்கள். அது முனகவே இல்லை.

ப்ளோர் இன்சார்ஜ் பழனிச்சாமி அண்ணன் பதறவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே குச்சிக்குப் பதிலாக ஊசி முனைகள் கிடந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். நீளம் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, ஜெயராணி அக்காவின் இரண்டு துண்டோடு சேர்த்து ஒட்டினார். கட்டம் ஏன் காலியாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என் ஊசி மொனை இல்லண்ணே," என்றார் அக்கா. "பனியன் துணிக்கு மொழுக்க மொனைல்லா போடுவோம். இது கூரு. பாத்தாலே தெரியுதுல்லா."

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா. சரக்கு நின்னா எல்லார்த்துக்குந்தான் கஷ்டம்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, ரெண்டு வரிதான. எல்லாங் கெடச்சுருச்சுன்னு அவிங்க எழுத்துலயே எழுதிப் போடு சாமி. இங்கிலீசுல எழுதுனாத்தான் நோண்டி நோண்டிக் கேப்பாங்க."

நான் எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. கோடு நேராக வருகிறதா, எழுத்து அழகாக இருக்கிறதா என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது. கற்ற மொழியில் வேலைக்கென்று நான் எழுதிய முதல் வாக்கியம் அது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பையரின் பரிசோதகர் வந்தார். கம்பெனியில் எல்லோரும் கிமுரா அம்மா என்போம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தட்டையான செருப்பு, கழுத்தில் பூதக்கண்ணாடி. வழக்கமாகச் சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கூட வருவார். இந்த முறை முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். "எங்க புள்ளையே பேசுமுங்க," என்று என்னைக் காட்டினார். கிமுரா அம்மா ஊசிப் புத்தகத்தைப் புரட்டி என் வரியில் விரலை வைத்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். எங்கே படித்தீர்கள் என்றார். தனியாக என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊசியைக் காட்டி, எல்லாம் கிடைத்துவிட்டதா என்று கேட்டார்.

"கிடைத்தது," என்றேன்.

உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் இல்லாததால் பெட்டிகள் அத்தனையையும் வெளியே கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். நீங்களே சொல்கிறீர்கள், போதும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. எனக்கு அந்தப் பாஷை தெரியாமல் இருந்திருந்தால் எடுத்திருப்பார்.

அன்று சாயங்காலம் அவரைத் திருமுருகன்பூண்டிக்குக் கூட்டிப்போகச் சொன்னார் முதலாளி. சிலை செதுக்குகிற பட்டறைகளில் உளிச் சத்தம் காதைத் துளைத்தது. ஓர் அம்மன் சிலைமுன் கிமுரா அம்மா வெகுநேரம் நின்றார். ஏன் கண் இல்லை என்று கேட்டார். கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, தன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது என்றார். இந்தச் சட்டை கடைக்கு வந்ததும் பேத்திக்கு ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். தைத்தவர்களைத் தெரியுமே, அதனால் என்றார். அவர் பேசியதில் ஒரு சொல்கூட விடாமல் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அங்கேயே சொல்லியிருக்கலாம். உளிச் சத்தத்தில் கேட்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

சரக்கு கப்பலேறியது. ஜெயராணி அக்கா அதன் பிறகு அந்த மெஷினில் உட்காரவில்லை, செக்கிங் மேஜைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் என்னிடம் வந்து ஒரே கேள்வி.

"ஏட்டி, அங்கேருந்து ஏதும் எழுதிருக்காவளா?"

"இல்லீங்க்கா."

"பச்சப்புள்ள சட்டை தாயி. வாயில வச்சுல்லா சப்பும். நீ அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசி போடு. எனக்கு அவுக பாஷை தெரிஞ்சா நானே எழுதிருவேன்."

நான் மெயில் மட்டும் பார்க்கவில்லை. ஜப்பானில் விற்ற பொருளில் குறை இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வெளியிடுவார்கள். அந்தப் பக்கங்களைத் தினமும் காலையில் படிக்க ஆரம்பித்தேன். ஹீட்டர், பால் புட்டி, பொம்மை, பிறகு குழந்தை ஆடை. காயம், விழுங்குதல், அறுவை, பெற்றோர் என்று சொற்கள் ஒவ்வொன்றாக மனதில் ஏறின. என் ஜப்பானியம் கிடுகிடுவென்று வளர்ந்தது அந்த ஆறு மாதத்தில்தான். எழுத்து எழுத்தாகத் தேடி, எங்கள் சட்டை இல்லை என்று தெரிந்த பிறகுதான் இட்லி இறங்கும். தானாகப் படிக்க இதைவிட நல்ல வழி ஒன்று எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பெண்ணுக்கு இதை எப்படி எழுதி அனுப்புவது?

கடிதம் எழுதத்தான் செய்தேன். பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். இலவசமாக வாக்கியம் திருத்திக் கொடுக்கும் தளம் ஒன்று இருந்தது. ஜப்பானியர்களே திருத்துவார்கள். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போட்டேன். 'நான் உங்களிடம் பொய் சொன்னேன்' என்பதை யாரோ ஒருவர் இன்னும் பணிவாக மாற்றி, மிக இயல்பாக எழுதுகிறீர்கள் என்று பாராட்டி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தார். மறுபடி எழுதினேன். மறுபடி திருத்தினார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று இழுத்தேன். அந்த அளவுச் சட்டை எந்தக் குழந்தைக்கும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் போதாது. அது தெரிந்துதான் இழுத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிழையோடு எழுத மாட்டேன் என்ற திமிரும், சொன்னால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்ற பயமும் சரிபாதியாக இருந்தன.

ஒரு நாள் பையரிடமிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. அடுத்த பருவத்துக்கு ஆர்டர் இல்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. கீழே கிமுரா அம்மாவின் பெயரும் இல்லை, வேறு யாரோ. "வெலை கட்டுபடியாவலையாட்டம்," என்றார் பழனிச்சாமி அண்ணன். நான் அந்த இரண்டு வரியையும் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அக்காவிடம் சொன்னபோது அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

எனக்கு மகன் பிறந்தபோது வந்த சட்டைகளை எல்லாம் காந்தம் வைத்துத் தடவிவிட்டுத்தான் போட்டேன். "இதென்ன உங்க ஊட்டு மொறைங்களா?" என்று மாமியார் கேட்டார். அந்த வாரமே பழைய கடிதத்தை எடுத்துக் கிமுரா அம்மா அன்று கிளம்பும்போது எழுதிக்கொடுத்திருந்த விலாசத்துக்கு அனுப்பினேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று உறைமேல் எழுதியிருந்தது. அகராதி பார்க்காமலே படித்தேன்.

கம்பெனி இருந்த ஷெட்டில் இப்போது அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். வாசலில் இந்தியில் பேசிக்கொண்டு நிற்கும் பையன்களுக்கு அங்கே தையல் லைன் ஓடியதே தெரியாது. ஊசிப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. பழனிச்சாமி அண்ணன் இறந்துபோனார். ஜெயராணி அக்காவின் எண்ணைக் கூப்பிட்டால் ஒடிசாக்காரர் ஒருவர் எடுத்து, தப்பான நம்பர் என்கிறார். வாக்கியம் திருத்தித் தந்த தளத்தையும் மூடிவிட்டார்கள். அந்தச் சட்டையைப் போட்ட குழந்தைகள் இந்நேரம் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருமா என்றுதான் எனக்குத் தெரியாது.