நாற்பத்தேழில் மூன்று

சனத்நகரில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் பரிசோதகனாக இருந்தேன். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுதாத தாளில் ஒருமுறைகூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்தோராவது வயதில், ஒரே நாளில் ஐந்து எழுதாத தாள்களில் கையெழுத்துப் போட்டேன். கேட்டவன் என் மனைவியின் தம்பி.

இரண்டாயிரத்துப் பதினொன்று வாக்கில் அவன் செகந்திராபாத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மென்பொருள் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தான். என்னைச் சேர்க்காமல் பதினோரு பேர். மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட வருவான். நான் ஓய்வில் இருந்து கெட்டுப்போகிறேன் என்று என் மனைவி அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"அத்தான், வீட்ல உக்காந்து மாடிப்படிய எண்ணிட்டு இருக்கீங்களாமே. அக்கா சொன்னா."

"பதினெட்டு. அதிலே நாலாவது படி மட்டும் அரை அங்குலம் கூடுதல் உயரம். தினமும் ஒருத்தன் தடுக்குறான்."

"இதுதான் எனக்கு வேணும். என் ஆபீஸ்ல வந்து தப்பு எண்ணுங்க. பொடியங்க எழுதுற வெப்சைட்டை டெஸ்ட் பண்ண ஆள் இல்ல."

"எனக்குக் கம்ப்யூட்டர்ல கடிதம் அடிக்கத்தான் தெரியும்."

"டென்ஷன் நக்கோ அத்தான், கவலையே வேணாம். அதுக்கு டூல் இருக்கு. ஓசி."

ஓசி என்றதும் எனக்குச் சந்தேகம். தொழிற்சாலையில் ஒரு அளவுகோல் வாங்கினால்கூட அதற்கு யார் பொறுப்பு என்று சான்றிதழ் கேட்போம். இந்தக் கருவியை யார் செய்தார்கள் என்று விசாரித்தேன். ஒருவரையொருவர் பார்த்திராத பலர், பல தேசங்களில் இருந்துகொண்டு, சம்பளம் இல்லாமல் எழுதியதாம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாமாம். அதன் கையேட்டை அச்சடித்து இரண்டு முறை படித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று எழுத்துப் பிழைகளைக் குறித்து அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறாம் நாள் நன்றி சொல்லிப் பதில் வந்தது. தொழிற்சாலையில் எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

கருவியின் வேலை எளிது. நாம் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது நம் கணினி அங்கே ஒரு கடிதம் அனுப்புகிறது, அங்கிருந்து பதில் வருகிறது. இந்தக் கருவி நடுவில் வாசற்காவலன் மாதிரி நின்றுகொள்ளும். போகிற கடிதத்தை நிறுத்தும், பிரித்துக் காட்டும், நாம் அதில் ஒரு எழுத்தையோ எண்ணையோ மாற்றி அனுப்ப விடும். அதை நம்பி அந்தப் பக்கம் ஏமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். தானாகவே சில ஓட்டைகளைக் கண்டுபிடித்துப் பட்டியலும் போடும். கருவிக்குத் தெரியாமல் நாம் கண்டுபிடிப்பதைக் கையால் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். அன்றைய வேலை முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து வைக்கும். ஏழு மாதத்தில் நான் நாலு வெப்சைட்டுகளைச் சோதித்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்தாவது ஒரு பரிசோதனைக் கூடத்தினுடையது. ரத்தம், சிறுநீர் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் முடிவை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வசதி. ஒவ்வொரு சுற்றுச் சோதனைக்கும் ஒரு அறிக்கை போக வேண்டும், அதன் முகப்புத் தாளில் சோதித்தவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் டாக்டர் போட்ட நிபந்தனை. நான் உறவுக் கல்யாணத்துக்குப் பத்து நாள் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. அப்போதுதான் மச்சினன் ஐந்து முகப்புத் தாள்களை நீட்டினான்.

"இதுல சைன் போட்டு வச்சுட்டுப் போங்க அத்தான். அவசரம்னா உங்களைத் தேடிட்டு ஊருக்கு வர முடியுமா?"

அந்த ஆபீசில் அது வழக்கம்தான். எல்லாரும் அப்படித்தான் போட்டு வைப்பார்கள். இருந்தாலும் பேனாவை மூடிவிட்டு இரண்டு நிமிடம் யோசித்தேன். பிறகு, சொந்த மச்சினனிடம் போய் என்ன சந்தேகம் என்று போட்டுக் கொடுத்தேன்.

ஊரிலிருந்து வந்ததும் கூடத்தின் வெப்சைட்டை எடுத்தேன். கருவி தானாக நாற்பத்து நாலு குறைகளைக் காட்டியது. எல்லாம் சில்லறை. நான் கையால் மூன்றைச் சேர்த்தேன். அந்த மூன்றும்தான் சில்லறை இல்லை. முதலாவது இது: என் கணக்கில் நுழைந்து என் முடிவைக் கேட்கும் கடிதத்தை நிறுத்தி, அதில் இருந்த எண்ணின் கடைசி இலக்கத்தை மாற்றி அனுப்பினால், அடுத்தவருடைய முடிவு வந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை. மற்ற இரண்டும் இதே மாதிரிதான். நான் மாற்றினேன், ஒரு பெண்ணின் கர்ப்பச் சோதனை வந்தது. மறுபடி மாற்றினேன், ஒரு கிழவரின் புற்றுநோய்ச் சோதனை. ஆறு பேரோடு நிறுத்திக்கொண்டேன். சோதனைக்காக இட்டுக்கட்டிய பெயர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பக்கத்தை எழுதிய பெண்ணைக் கேட்டேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"இல்ல அங்கிள், நிஜ ஆளுங்கதான். லேப்ல இருந்த டேட்டாவை அப்படியே காப்பி போட்டுட்டோம்."

"எண்ணை மாத்தினா அடுத்தவங்களுது வருதே அம்மா."

"ஹவ் அங்கிள், ஆமா, தப்புதான். ரெண்டு நாள் குடுத்தா சரி பண்ணிடுவேன். சார் ரெண்டு மணி நேரம்தான் குடுத்தார்."

மச்சினனிடம் போனேன். திங்கட்கிழமை திறப்பு விழா, அதற்குள் நாற்பத்தேழையும் சரிசெய்ய முடியாது என்றான். நாற்பத்து நாலு கிடக்கட்டும், இந்த மூன்று போதும் என்றேன். பார்க்கிறேன் என்றான்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் மனைவி போன் செய்தாள். மதியம் வீட்டுக்கு வரச் சொன்னாள், வஞ்சிரம் வாங்கியிருக்கிறாளாம். ஏழு மாதத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தினமும் மூன்று அடுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பாள், அன்றும் கொடுத்திருந்தாள். டப்பா சோற்றை என்ன செய்வது என்று கேட்டேன். "யாருக்காவது குடுத்துட்டு வாங்களேன்" என்றாள். ரயிலில் போனேன். ஆறு துண்டு பொரித்திருந்தாள், நாலை எனக்கு வைத்தாள். முள்ளைக்கூட எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் இவளுக்கு என் மேல் இத்தனை அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். அதை இப்போது நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

நாலு மணிக்கு ஆபீஸ் திரும்பினேன்.

"ரிப்போர்ட் போயாச்சு அத்தான். எல்லாம் முடிஞ்சுது."

"நான் இல்லாமலா?"

"உங்க சைன்தான் இருக்கே."

மூன்றும் சரிசெய்யப்பட்டுவிட்டன என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி சோதிக்கவில்லை. பட்டியலைக் கேட்டு எண்ணவுமில்லை. வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அந்த ஒன்றுதான்.

ஐந்து வாரம் கழித்து எனக்குச் சர்க்கரை பார்க்க அந்தக் கூடத்துக்கே போனேன். முடிவைப் பார்க்க ஒரு எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். மறுநாள் காலை வீட்டுக் கணினியில் பார்த்தேன். நூற்று நாற்பத்தெட்டு. பிறகு, பழக்கதோஷம், கருவியை நடுவில் நிறுத்திக் கடைசி இலக்கத்தை மாற்றினேன். முப்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியின் எச்.ஐ.வி. சோதனை திறந்தது. முடிவைப் படிப்பதற்குள் மூடிவிட்டேன். ஆனால் பெயரைப் படித்துவிட்டேன். அந்தப் பெயர் இன்னும் போக மாட்டேன் என்கிறது.

ஆபீஸ் போய் முதலில், அந்த முகப்புத் தாள்களை வைத்திருந்த மேசை இழுப்பறையைத் திறந்தேன். கையெழுத்துப் போட்ட தாள்கள் நாலுதான் இருந்தன. பிறகு கருவியில் பழைய கோப்பைத் திறந்தேன். என் மூன்றும் அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் 'பொய் எச்சரிக்கை' என்று குறித்திருந்தது. அப்படிக் குறித்துவிட்டால் அச்சாகும் அறிக்கையில் அது வராது, கோப்பில் மட்டும் இருக்கும். கருவி ஒளிக்கவில்லை. யார் திறந்து கேட்டாலும் சொல்லியிருக்கும். கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது அந்தப் புதன்கிழமை, ஒன்று ஐம்பதுக்கு. நான் இரண்டாவது துண்டு மீனில் இருந்திருப்பேன்.

மச்சினன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பொய்யின்னு குறிச்சது யாரு?"

"அத்தான், உக்காருங்க."

"யாரு?"

"நான்தான். கேளுங்க, டூல் சொன்னது நாப்பத்து நாலு. மூணு நீங்க கையால சேர்த்தது. டூலுக்கே தெரியாத ஓட்டை உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"இன்னிக்குக் காலையில வீட்ல இருந்து திறந்து பார்த்தேன்டா. ஒரு பொண்ணோட ரிப்போர்ட் வருது."

"நீங்க ஏன் திறக்குறீங்க? சாதாரண ஜனங்க யாரு நடுவுல நின்னு நம்பரை மாத்தப் போறாங்க? ஊர்ல உங்கள மாதிரி எத்தனை பேர் இருக்காங்க?"

"அடியிலே என் கையெழுத்து இருக்கு."

"இருக்கட்டும். குடும்பத்துக்குள்ளதானே."

வீட்டுக்கு வந்தேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் புதன்கிழமை ஏன் கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு வராது.

"தம்பிதான் சொன்னான். உங்களை ரெண்டு மணி நேரம் வீட்ல வச்சுக்கோன்னு."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். நீங்க அங்க இருந்தா காரியம் நடக்காதுன்னான்."

"தெரிஞ்சேதான் மீன் வாங்கினே."

"அவனுக்குப் பதினோரு பேருக்குச் சம்பளம் குடுக்கணும். உங்களுக்கு என்ன, கையெழுத்துதானே போச்சு?"

அவள் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து நாற்பத்தேழையும் கையால் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன், தேதியும் போட்டேன்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். டாக்டர் என் வயதுக்காரர், தெலுங்கர். ஆங்கிலத்தில் பேசினோம். பொறுமையாகப் படித்தார். பிறகு தன் கோப்பிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து, என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. எதை நம்பட்டும் என்று கேட்டார். எழுதாத தாளில் போட்ட கையெழுத்து அது என்று சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்படியானால் இதுவும் எழுதாத தாளில் போட்டதுதானா என்றார். நான் அவர் கணினியில் எண்ணை மாற்றிக் காட்டியபின்தான் நம்பினார். அந்தப் பக்கத்தை அப்போதே மூடச் சொல்லி யாருக்கோ போன் செய்தார்.

எனக்கு மூச்சு வந்தது. எழுந்தபோது இன்னொரு கேள்வி கேட்டார். என் நோயாளிகளில் எத்தனை பேருடைய முடிவைப் பார்த்தீர்கள்?

"ஏழு" என்றேன். ஆறு என் சோதனையில், ஒன்று வீட்டில். இப்போது அவர் கணினியில் காட்டியதையும் சேர்த்தால் எட்டு என்று திருத்தினேன். அவர் எட்டு என்று எழுதிக்கொண்டார். என் பெயரையும் பக்கத்தில் எழுதினார். நன்றி சொல்லவில்லை.

அந்த வேலை மச்சினன் கையைவிட்டுப் போனது. ஒப்பந்தத்தை நிறுத்தி வந்த கடிதத்தில், சோதித்தவர் அனுமதியில்லாமல் எட்டு நோயாளிகளின் முடிவுகளைப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி இருந்ததாம். நூறு பேரை ஐந்து வாரம் திறந்து வைத்தவன் கையில் அந்த ஒரு வரி கிடைத்துவிட்டது. பிறகு உறவில் எல்லாருக்கும் தெரிந்த கதை வேறு: அத்தானுக்கு அடுத்தவங்க ரிப்போர்ட்டை எட்டிப் பார்க்கிற புத்தி, அதனால்தான் கம்பெனிக்குக் கெட்ட பேர்.

அந்த டிசம்பரில் என் மனைவியின் சித்தப்பா மகள் கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே என் மனைவியின் பெரியப்பா. எண்பது வயது, சத்தமாகப் பேசுவார். இந்தப் பக்கம் மனைவி, கடைசி மேசையில் மச்சினன்.

"என்ன மாப்ளே, ஊரான் ரத்தமெல்லாம் பாக்குறீங்களாமே! எனக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்!"

என்னைச் சேர்க்காமல் மேசையில் ஒன்பது பேர். எட்டுப் பேர் சிரித்தார்கள். சிரிக்காத ஒருத்தி என் மனைவி. நடந்தது முழுவதும் தெரிந்தவள், மீன் வாங்கியவள், பொய் சொல்ல வராதவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன், நன்றாகவே, எல்லாருக்கும் தெரியும்படி.

அவள் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டாள். "தம்பி, இவருக்கு இன்னும் கொஞ்சம் பிரியாணி வைங்க" என்றாள்.