ஹம் நிலையத்தில் பிரிந்த ரயில்

அப்பாவுக்கு ரயில் நின்றால் இறங்கியாக வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று எங்கே வண்டி நின்றாலும் பிளாட்பாரத்தில் கையைக் காலை உதறிக்கொண்டு நிற்பார். வண்டி நகர ஆரம்பித்த பிறகு எந்தப் பெட்டி முன்னால் வருகிறதோ அதில் தொற்றி ஏறி, உள்ளேயே நடந்து எங்கள் இடத்துக்கு வந்து சேருவார். எல்லாப் பெட்டியும் ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

ஜெர்மனியில் ஆஹென் நகரில் நான் மேற்படிப்பு படிக்கும்போது, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, செமஸ்டர் விடுமுறையில் அவரை வரவழைத்தேன். அக்காவுக்குப் பிரசவ நேரம் என்பதால் அம்மா வரவில்லை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், பெர்லின் என்று ஒரு சுற்று. மலிவான விடுதிகள், பையில் ஒரு குட்டி ரைஸ் குக்கர், ஊறுகாய் பாட்டில். அப்பா எல்லாவற்றையும் ரசித்தார். நான்தான் எதையும் ரசிக்க முடியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் போகும் பாதையின் நட்டநடுவில் நின்று கால்வாயைப் படம் எடுத்தார். பாரிஸில் முன்பின் தெரியாதவன் கையில் போனைக் கொடுத்து, "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடுங்க" என்று தமிழிலேயே கேட்டார். பிராகிலிருந்து வரும் வழியில் டிரெஸ்டனில் இறங்கி, கதவு மூடும் கடைசி நொடியில் உள்ளே குதித்தார். நான் ஒன்றும் பெரிய கோபக்காரி இல்லை. ஆனால் அன்று பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அவருடைய சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வார். போட்டுவிட்டால் சீக்கிரம் ஏதாவது வயிற்றுக்குள் போயாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கண் இருட்டி, பேச்சு குழறிவிடும். ஒரு முறை வீட்டில் அப்படி விழுந்திருக்கிறார். அதனால் ஊர் ஊராகச் சுற்றினாலும் அவருடைய சாப்பாட்டு டப்பா மட்டும் என் மடியை விட்டு நகராது.

பெர்லினிலிருந்து திரும்பும் அந்த ரயில் ஒரு விசித்திரம். இரண்டு முழு ரயில்களை மூக்கோடு மூக்கு ஒட்டி ஒன்றாக ஓட்டி வருவார்கள். ஹம் என்ற நிலையத்தில் பிரித்துவிடுவார்கள். ஒன்று எசன், டுசெல்டோர்ஃப் வழியாகப் போகும். நாங்கள் இருந்தது வுப்பர்டால் வழியாகப் போவது. இரண்டும் கடைசியில் கொலோனுக்குத்தான் வரும். ஒட்டியிருக்கும்போதுகூட ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளே நடந்து போக முடியாது. இதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால், பிரிப்பதை வேடிக்கை பார்க்க இறங்கிவிடுவார் என்று பயம்.

ஹம் நெருங்கும்போது கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "பத்து நிமிஷத்துல சாப்பிடலாம்மா" என்றார். நான் மேலே இருந்த பையை இறக்கி, எலுமிச்சை சாதத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இடம் காலியாக இருந்தது. அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. பர்ஸ் இருந்த கோட்டு கொக்கியில் தொங்கியது. கழிப்பறைக்குத் திரும்பப் போயிருப்பார் என்று நினைத்தேன். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக நடந்தேன். ஒவ்வொரு கழிப்பறைக் கதவையும் தட்டினேன். ரயிலின் நுனிக்குப் போனதும் அதற்கு மேல் வழி இல்லை. அங்கே நின்றபோதுதான் உறைத்தது. ஹம்மில் இறங்கிக் கையைக் காலை உதறிவிட்டு, பக்கத்தில் இருந்த மற்ற ரயிலின் கதவில் ஏறியிருக்கிறார், உள்ளே நடந்து வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில். அந்தப் பக்கமும் இதே போல ஒரு சுவரில் வந்து முட்டி நிற்பார். கையில் போன் இல்லை, பணம் இல்லை, ஜெர்மன் மொழியில் ஒரு சொல் தெரியாது, உடம்பில் இன்சுலின் மட்டும் இருக்கிறது.

டிக்கெட் பரிசோதகரைப் பிடித்தேன். நல்ல உயரமான, நிதானமான மனிதர். அதுவும் கொலோனுக்குத்தான் வரும், ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சிரித்தார். ஊசி விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. உடனே அந்த ரயிலில் இருக்கும் சக ஊழியருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். சுரங்கப் பாதை வந்தது, சிக்னல் போய்விட்டது. அப்பா எங்கேயோ ஒரு கதவோரத்தில் சுருண்டு கிடப்பதாகவும், குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்து ஆட்கள் தாண்டிப் போவதாகவும் மனம் படம் போட்டுக் காட்டியது. அவரை வரவழைத்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். அடுத்த நொடி, கண்ணில் மட்டும் பட்டால் போதும், இனி எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கட்டும் என்று நினைத்தேன்.

சுரங்கத்தைத் தாண்டியதும் என் போன் அடித்தது. ஜெர்மனியிலிருந்து இல்லை. சேலத்திலிருந்து அம்மா.

"உங்கப்பா சாப்பிட்டாராம், நீ பயப்படாத" என்றாள்.

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். பரிசோதகரிடம் கட்டை விரலை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவரும் பக்கத்து இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார். அம்மா விவரம் சொன்னாள். அந்த ரயிலில் எசனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, யாரோ தமிழில் புலம்பியபடி சுவரைத் தட்டுவதைக் கேட்டு எழுந்து போயிருக்கிறார். வியர்த்துக் கொட்டியவரை உட்காரவைத்து, தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, பொரித்த ரோல்ஸ் கொடுத்திருக்கிறார். அப்புறம் தன் போனிலிருந்து என் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அம்மா, "சனிக்கிழமை அதுவுமா, ரோல்ஸுக்குள்ள மட்டனாம்" என்றாள். பெருமாள் மன்னித்துக்கொள்வார் என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அம்மா கொடுத்த எண்ணுக்குப் போட்டேன். "பயப்பிடாதேங்கோ பிள்ளை, அப்பா நல்லா இருக்கிறார்" என்றது அந்தக் குரல். தான் எசனில் இறங்க வேண்டும் என்றும், கொலோன் வரை போகிற ஒரு மாணவியிடம் அவரை ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவேன் என்றும் சொன்னார். அப்பாவிடம் பேச வேண்டும் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம், பிறகு பேசுவாராம்.

கொலோனில் நான் முதலில் போய்ச் சேர்ந்து, அடுத்த பிளாட்பாரத்தில் காத்து நின்றேன். அவருடைய ரயில் வந்தது. கலகலவென்று கூட்டம் இறங்கியது. கடைசியில், அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி அப்பா இறங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள், "உனக்கும் குடுத்தாங்கம்மா, சூடா இருக்கும்போதே சாப்பிடு" என்றார். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், வீடு போகும் வரை விடவில்லை. எனக்குத் திட்டவே தோன்றவில்லை. அவர்தான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எசன் பக்கம் எவ்வளவு தொழிற்சாலை, அந்த அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் என்ன வேலை என்று எல்லாம் சொன்னார். சுவரைத் தட்டியதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் என் அறையில் படுத்திருந்தபோது, பொதுச் சமையலறையில் நின்று அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன். வாய் ஓயாமல் நன்றி சொல்லித் தள்ளினேன். பேச்சோடு பேச்சாக, நல்லவேளை என் அம்மாவின் எண்ணாவது அப்பாவுக்கு நினைவிருந்ததே, என் எண் இந்த ஊருடையது, அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்றேன்.



"இல்லை பிள்ளை" என்றார். "உங்கட நம்பரைத்தான் முதல்ல கடகடவெண்டு பாடமாச் சொன்னவர். நான் போன் அடிக்கப் போக, வேண்டாம், அவ ஏசுவா, அவவின்ர அம்மாவுக்கு அடியுங்கோ எண்டிட்டார்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஒரு மனிதருக்கு என் எண் நினைவிருக்கிறது, என்னைக் கூப்பிடத்தான் பயமாக இருக்கிறது.

அறைக்குள் போனேன். அப்பா தூங்கவில்லை, எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு, அந்த அம்மாவா? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. உங்களோட பேசிட்டு வந்ததுல பொழுது போனதே தெரியலயாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லப்பா."

அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு, அப்பாடா என்று சாய்ந்து படுத்தார்.