மேலது

கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புள்ளியக்கா. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பும் மேற்கோள் பட்டியலும் ஒழுங்குபண்ணிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு புள்ளி இடம் மாறினால் போதும், குடியே முழுகிப்போன மாதிரி கத்துவாள். மற்றபடி மனுஷி தங்கம். அம்மா போன பிறகு ஒண்டிக்கட்டை. அண்ணன் ஒருவன் இருக்கிறான்; இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மாணவி வந்து, "அக்கா, தனியா இருக்கிற பொம்பளைங்களப் பத்தி எழுதறேன். நீங்களும் பேசறீங்களா?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட என்னடி இருக்கு பேச?" என்று அலுத்துக்கொண்டவள், ஆரம்பித்த பிறகு ஓய்ந்தாளா? மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டாள். அதுவரை அவளை யார் எதைக் கேட்டார்கள், பாவம்!

அந்தக் கட்டுரை இன்று திருத்தத்துக்கு வந்தது. மாணவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா முதலில் தேடியது தன்னைத்தான். கடைசிப் பக்கத்தில், தகவல் தந்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் பளிச்சென்று இருந்தது. ஆனால் உள்ளே, அடிக்குறிப்புகளில்? ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தாள். எங்கேயும் இல்லை. கட்டுரைக்குள் வராத பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது. இதைச் சொல்லி எத்தனை பேரோடு மல்லுக்கு நின்று, எத்தனை பெயர்களை வெட்டியிருக்கிறாள்!

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'வீட்டைப் பூட்டும்போது உள்ளே பார்த்து, வரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். யாரும் இல்லேன்னு தெரியும்.' அவள் சொன்னதேதான்! நெஞ்சு நிறைந்துவிட்டது. அடிக்குறிப்பில் 'மேலது' என்று போட்டிருந்தது. அதாவது, முந்தைய குறிப்பில் உள்ள அதே ஆள். முந்தைய குறிப்பில் இருந்ததோ ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா.

"அடியே, இது நான் சொன்னதுடி! தூக்கி வேற யாரு பேர்லயோ போட்டிருக்கியே!"

மாணவி கைபேசியில் பதிவைத் தேடிப் போட்டாள். கரகரத்த குரல் ஒன்று, அச்சு அசல் அதையே சொன்னது.

"நீங்களும் சொன்னீங்கக்கா. ஆனா அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க."

"நான் சொன்ன மத்ததெல்லாம்?"

"பக்கம் ஜாஸ்தியாயிடுச்சு…"

அக்காவின் முகம் தொங்கிப்போயிற்று. தனக்கே தனக்கு என்று நினைத்திருந்த ஒரு வார்த்தை, அதுவும் போச்சு.

"பட்டியல்ல பேரு இருக்கட்டுமேக்கா. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்ல?" என்று தன் பெயரைத் தானே அழித்தாள். கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு வரி மேலே ஏறினார்கள். அக்காவின் விரல் நர்ஸம்மாவின் பெயரில் போய் நின்றது.

"அந்த நர்ஸம்மா வீடு எங்கடி?"

"ஐயோ, அங்க மட்டும் போயிடாதீங்கக்கா! பேச ஆரம்பிச்சா விடவே மாட்டாங்க" என்று சிரித்த மாணவி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விட வேணாம்" என்றாள் அக்கா. "எந்தத் தெரு, சொல்லு."