ஆட்டுக் கயிறும் ஏற்றுமதிக் கணக்கும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தம்பிராசா ஐயா ஒரு கட்டுக் கடதாசியை என் முன்னால் போட்டார்.

"தம்பி, இதைப் பாத்துச் சொல்லு. நம்மட நாட்டில கைத்தறித் துணி எங்க நெய்யிறாங்க?"

எல்லாம் ஏற்றுமதிப் பத்திரங்கள். புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கொழும்பு விலாசம்தான் இருந்தது.

"கொழும்பில, ஐயா."

"அப்ப மருதமுனைச் சனம் தறியில இருந்து என்ன செய்யிது? ஊஞ்சல் ஆடுதா?"

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் எங்கள் ஏற்றுமதிக் கணக்கெடுப்புக் கந்தோர் இரண்டு அறைதான். தம்பிராசா ஐயா மட்டக்களப்புக்காரர், அவர்தான் பொறுப்பு. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய சாய்ந்தமருதுப் பொடியன், தற்காலிக வெளிக்கள உத்தியோகத்தன். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலை.

விஷயம் இதுதான். துணி கொழும்பில் கப்பலேறும். பத்திரத்தில் அனுப்புகிற கம்பனியின் விலாசம் இருக்கும். ஆகவே கணக்குப்படி தேயிலையும் துணியும் தேங்காய்த் தும்பும் எல்லாம் கொழும்பில் விளைகின்றன. உண்மையில் எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு போகிறது என்று ஒரு மதிப்பீடு வேண்டுமென்று தலைமைக் கந்தோர் கேட்டிருந்தது. ஏற்றுமதித் துணி அதிகம் நெய்கிற பகுதிக்கு ஒரு சாயச்சாலை கொடுப்பார்களாம். ஒன்றே ஒன்று.

திரையோடு கதைத்தது

மருதமுனையில் பெண்கள் அந்நிய ஆணுக்கு முன்னால் வரமாட்டார்கள். வாசல் திரைக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வார்கள். மற்ற உத்தியோகத்தர்களுக்கு அது கரைச்சல். எனக்குப் பெரிய நிம்மதி. திரையைப் பார்த்துக் கேட்பேன், திரை பதில் சொல்லும்.

"ஏற்றுமதிக்கு நெய்றீங்களா?"

"இல்ல தம்பி."

உள்ளே தறி டக் டக் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

"அப்ப அது என்ன சத்தம்?"

"பெருநாளைக்குப் புள்ளயளுக்கு ரெண்டு முழம் நெய்றம்."

அந்தக் குறுகிய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இதே பதில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூப்பன் அரிசி போய், ஏழைகளுக்கு மட்டும் அரசாங்கம் கொடுக்கும் உணவு முத்திரை வந்திருந்த காலம். வருமானம் கூட என்று தெரிந்தால் முத்திரையை வெட்டிவிடுவார்கள். பேனையோடு யார் வந்தாலும் முத்திரை வெட்ட வந்தவன் என்றே சனம் நினைத்தது.

ஒழுங்கையின் கடைசி வீடு, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் றஹ்மத்தும்மாவுடையது. கணவர் மௌத்தாகிவிட, விதவையாக இரண்டு தறியை வைத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவரின் குரல் மட்டும்தான் எனக்குப் பழக்கம். அந்தக் குரலுக்கு அடக்கிக் கதைக்கத் தெரியாது.

"சாயம் போட நல்ல தண்ணி வேணும் தம்பி. எங்கட கிணறு உவரு. கறுப்புப் போட்டா மற்ற நிறத்திலயும் வடியிது. போன மாசம் போன துணியில பாதி திரும்பி வந்திட்டு. இன்னொருக்கா வந்தா முதலாளி ஓடரை வேற ஊருக்குக் குடுப்பானாம். மறுகா நாங்க மண்ணத்தான் தின்னணும்."

"எங்க போன துணி, ராத்தா?"

திரையின் ஓரம் உள்ளுக்கு இழுபட்டது.

"இங்கதான். சந்தைக்கு."

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அகலமான செம்மஞ்சள் பட்டை, அதற்குள் கறுப்புப் பட்டை, ஓரத்தில் சாயம் வடிந்த கறை. எங்கள் ஊரில் யாரும் உடுத்தாத நிறம். இதே துணியை எங்கேயோ பார்த்த ஞாபகம். கந்தோரில், வெளிநாட்டு ஓடருக்கான சாம்பிள் மட்டையில்.

திரும்பி வருகிற வழியில் கண்ணைத் திறந்துகொண்டு வந்தேன். அடுத்த வீட்டிலும் அதே திரை. எதிர் வீட்டில் தலையணை உறை. பந்தடித்த பிள்ளைகளின் காற்சட்டை. எல்லாம் கொழும்பு திருப்பி அனுப்பிய ரிஜெக்ட் துணி. வாயால் 'இல்லை' என்று சொன்ன வீடெல்லாம் வாசலில் 'ஓம்' என்று தொங்கவிட்டிருந்தது.

சம்மாந்துறையில் விளைந்த திரை

தம்பிராசா ஐயாவுக்குச் சந்தோசம் பொறுக்கவில்லை.

"கெட்டிக்காரன்டா. சனத்திட்டக் கேளாத, திரையை எண்ணு. மற்ற ஊர்களையும் ஒருக்காப் பாத்திட்டு வா."

சைக்கிளில் சுற்றி எண்ணிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஐயா வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"சம்மாந்துறையில இத்தனை வீடா?"

"ஓம் ஐயா. தெரு முழுக்கச் செம்மஞ்சள்தான்."

"அங்க தறி இருக்கா?"

"தறி... நான் காணல்ல, ஐயா."

"அப்ப வயலுக்க நெல்லோட சேத்துத் திரைச்சீலையும் விளையுதோ?"

பக்கத்து அறை சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு விசாரித்தால் கதை இலேசானது. வேளாண்மை வெட்டும் அறுவடைக் காலத்தில் மருதமுனைப் புடவை வியாபாரிகள் ரிஜெக்ட் துணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போவார்கள். துணியைக் கொடுத்து நெல்லை வாங்கி வருவார்கள்.

ஐயா சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கொழும்பான் கப்பலைப் பாத்து ஏமாந்தான். நீ திரையைப் பாத்து ஏமாந்தாய். ரெண்டு பேரும் சாமான் கடைசியாக் கிடந்த இடத்தைத்தான் பாத்திருக்கிறீங்க. பிறந்த இடத்தைப் பாக்கல்ல."

ஆடு

மறுபடியும் மருதமுனைக்குப் போனேன். றஹ்மத்தும்மா ராத்தாவின் முற்றத்தில் நின்று என்ன கேட்பதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ இழுத்தது போல இருந்தது. அவருடைய ஆடு என் கையிலிருந்த படிவத்தில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற ஆட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். செம்மஞ்சளும் கறுப்பும் பின்னிய நூல் கயிறு.

"ராத்தா, இந்தக் கயிறு ஏது?"

"கழிவு நூல் தம்பி. பாவு நூல் முடியக்குள்ள தறியில மிஞ்சிற நுனி. எறியச் சொல்றியா?"

"வியாபாரிக்கு விக்கிறல்லையா?"

"இத ஆரு வாங்குற? உனக்கு வேணுமெண்டா நீ கொண்டுபோ. ஆட்ட விட்டுட்டுப் போ."

சம்மாந்துறைக்குச் சைக்கிளை மிதித்தேன். செம்மஞ்சள் திரை தொங்கிய வீடுகளிலெல்லாம் ஆடுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தும்புக் கயிற்றில் நின்றது. துணி ஊர்விட்டு ஊர் போகிறது. கழிவு நெய்த வீட்டை விட்டு நகர்வதில்லை.

பிறகு வேலை ஓடியது. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஆட்டுக் கயிறு, உடுப்புக் காயப்போடும் கொடி, தொட்டில் கயிறு ஆகியவற்றைப் பார்த்தோம். எத்தனை வீட்டுக்கு ஒரு வீடு வெளிநாட்டு ஓடர் நிறத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்று எடுத்து, ஊரின் மொத்தத் தறிகளோடு பொருத்தினோம். அதுதான் எங்கள் எஸ்டிமேட். வீட்டுக்காரர் பேர் எதையும் எழுதவில்லை, தேவையும் இல்லை.

ஜீப் வந்தது

தலைமைக் கந்தோர்ப் பெரியவர் ஒருவர் நேரில் வந்தார். நன்றாகத் தமிழ் கதைக்கக்கூடிய சிங்களவர். ஜீப்பால் இறங்கும்போதே அறிக்கையை ஆட்டிக் காட்டினார்.

"மற்ற மாவட்டங்களில் ஆட்களைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆட்டைக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டை நம்பி நான் எப்படிச் சாயச்சாலை தருவது? ஒருவராவது ஓம் என்று சொல்லட்டும்."

நேரே றஹ்மத்தும்மா ராத்தாவின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெரியவர் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, ஏற்றுமதிக்கு நெய்கிறீர்களா?"

"இல்ல ஐயா. பெருநாளைக்கு ரெண்டு முழம்."

பெரியவர் எங்களைப் பார்த்தார். தம்பிராசா ஐயா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "உன்ட ஆள் தம்பி, நீ கதை" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஒழுங்கை கூடி நிற்கிறது. வழக்கம்போலத் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

"ராத்தா, இவர் முத்திரை வெட்ட வரல்ல. பேர் எழுத மாட்டார். ஊருக்கு எவ்வளவு எண்டுதான் கணக்கு. நீங்க இல்ல எண்டா சாயச்சாலை வேற ஊருக்குப் போயிரும். உவர்த் தண்ணிதான் மிச்சம்."

என் வாழ்க்கையில் அதுவரை நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உள்ளே தறி நின்றது.

"பேர் எழுத மாட்டாரா?"

"எழுத மாட்டார்."

"ஆடு சொன்னா நம்ப மாட்டாராமா?"

"மாட்டாராம்."

"அப்ப எழுதச் சொல்லு. இந்த ஒழுங்கையில வெளிநாட்டுக்கு நெய்யாத வீடு ஒண்டே ஒண்டுதான். பள்ளியில பாங்கு சொல்ற மோதினார்ட வீடு. அவர் மகளுக்குக் கலியாணம் பேசினா, சீதனம் சேக்க அங்கயும் தறி வந்திரும்."

அடுத்த வீட்டுத் திரை சிரித்தது. எதிர்த் திரை, "எங்கடயையும் சேத்துக்கங்க, பேர் இல்லாம" என்றது. பெரியவர் சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தார். போகும்போது ஆட்டுக்கு ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்.

சாயச்சாலை மருதமுனைக்கே வந்தது, நல்ல தண்ணீரோடு. துணி திரும்பி வருவது நின்றது. ஓடரும் ஊரை விட்டுப் போகவில்லை.

பிறகொரு நாள் அந்த ஒழுங்கையால் போனேன். றஹ்மத்தும்மா ராத்தாவின் வாசலில் பச்சைப் பூப்போட்ட கடைத் திரை தொங்கியது.

"என்ன ராத்தா, திரை மாறியிரிக்கி?"

"நீ கொண்டந்த சாயத்தால வந்த வினை. ஒரு துணியும் திரும்பி வருகுதில்ல. திரையக் கல்முனையில காசு குடுத்து வாங்கிற நிலைக்கு என்னக் கொண்டந்திட்டாய்."

ஒழுங்கை முழுக்கக் கடைத் திரைதான். அந்த வருசம் திரையை நம்பிக் கணக்கெடுத்திருந்தால், மருதமுனையிலிருந்து ஒரு முழம் துணியும் கப்பலேறவில்லை என்று எழுதியிருப்பேன். முற்றத்தில் ஆடு நின்றது. புது ஓடர் நீலம் போலும். கயிறும் நீலமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல சாமான் போகிற இடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கழிவு எங்கே கிடக்கிறதென்று பாருங்கள். படிவத்தை மட்டும் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.